கண் எரிந்தால் வறட்சிதானா?

கண் நலம்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

பிளவக்கல் அணைப் பாசனத்தில் உள்ள ஊர்களிலிருந்தும், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்திலிருந்தும் வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். தொழில் வேறு, வயது வேறு. ஆனால் எல்லோரும் கேட்டிருப்பது, "இது கண் வறட்சியா டாக்டர்?" என்றுதான். இப்பகுதி நோயாளிகளை நெடுங்காலமாகப் பார்த்துவரும் கண் மருத்துவர் பதில் எழுதுகிறார்.

கேள்வி: எனக்கு வயது 54. பிளவக்கல் அணைக்குப் போகிற வழியில் உள்ள கிராமம். வீட்டிலேயே தையல் மிஷின் போட்டுத் தைக்கிறேன். ஆறேழு மாதமாக, மத்தியானம் தாண்டினால் இரண்டு கண்ணும் எரிகிறது, மண் விழுந்த மாதிரி உறுத்துகிறது. ஊசியில் நூல் கோக்கும்போது மங்கும், நாலு தடவை இமைத்தால் தெளியும். ஆடிக் காற்றில் வெளியே போனால் கண்ணீர் கொட்டுகிறது. மெடிக்கலில் கேட்டதற்குக் கண் வறட்சி என்று ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். இவ்வளவு தண்ணீர் வடிகிற கண் எப்படி டாக்டர் வறண்ட கண் ஆகும்?

பதில்: ஆகும் அம்மா. நீங்கள் எழுதியதில் நான்கு செய்திகள் இருக்கின்றன. இரண்டு கண்ணிலும் தொந்தரவு இருக்கிறது. காலையில் இல்லை, பொழுது ஏற ஏறக் கூடுகிறது. பார்வை மங்கினாலும் இமைத்தால் தெளிகிறது. காற்றுப் பட்டால் நீர் கொட்டுகிறது. இவை நான்கும் சேர்ந்து வந்தால் நான் முதலில் நினைப்பது கண் வறட்சியைத்தான்.

கருவிழியின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய ஈரப் படலம் படர்ந்திருக்கிறது. அதில் நீர் மட்டும் இல்லை. கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ள வழவழப்பான சளிப்பொருள் அடியில் இருக்கிறது. மேலே மிக மெல்லிய எண்ணெய் இருக்கிறது. குழம்பின் மேல் மிதக்கும் எண்ணெய் ஆவியை அடக்கி வைப்பதுபோல, இந்த எண்ணெய் கண்ணின் ஈரம் காற்றில் போகாமல் காக்கிறது. அதைச் சுரப்பவை இமை விளிம்பில் வரிசையாக இருக்கும் மைபோமியன் சுரப்பிகள். மேல் இமையில் சுமார் முப்பதும், கீழ் இமையில் இருபதுக்கு மேலும் இருக்கும். ஜெர்மனியைச் சேர்ந்த ஹைன்ரிஷ் மைபோம் 1666-இல் இவற்றை விவரித்து எழுதினார்.

வயது ஏறும்போது, குறிப்பாகப் பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு, இந்த எண்ணெய் கெட்டியாகிச் சுரப்பியின் வாய் அடைத்துக்கொள்ளும். பிறகு ஈரப் படலம் சில விநாடிகளிலேயே உடைந்து, கருவிழி ஆங்காங்கே காய்கிறது. உடம்பிலேயே நரம்பு நுனிகள் மிக நெருக்கமாக இருக்கும் இடங்களில் ஒன்று கருவிழி. அது காய்ந்ததும் மூளைக்கு அவசரச் செய்தி போகிறது. புருவத்துக்குக் கீழே வெளிப்புறமாக இருக்கும் பெரிய கண்ணீர்ச் சுரப்பி ஒரேயடியாக நீரைக் கொட்டுகிறது. வெங்காயம் நறுக்கும்போது வரும் நீரும் இதேதான். கன்னத்தில் வழிந்து போய்விடும், கண்ணில் தங்கிப் பாதுகாக்காது. கண் காய்ந்திருப்பதால்தான் உங்களுக்குக் கண்ணீர் வழிகிறது.

உங்கள் ஊரும் தொழிலும் இதில் சேர்ந்துகொள்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இறக்கிவிட்டு, நம் பக்கம் வெறுங்காற்றாக இறங்குகிறது. ஜூன் முதல் ஆகஸ்டு வரை மலையடிவாரத்தில் அந்தக் காற்று கண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடும். தையலோ, ஊசி முனையை விட்டுக் கண் எடுக்க முடியாத வேலை. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 15 தடவை இமைக்கிறோம். உற்றுப் பார்க்கிற வேலையில் அது பாதிக்கும் கீழே போய்விடுகிறது. தளவாய்புரம் பக்கம் நைட்டி தைக்கும் பெண்களிடமும் இதே புகாரைக் கேட்டிருக்கிறேன். பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவர்கள் கண்ணை மூடி ஓய்வெடுக்க யோசிப்பார்கள். அது எனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன்: ஒவ்வொரு துணி முடிந்ததும் கண்ணை முழுதாக மூடித் திறந்து பத்துத் தடவை இமையுங்கள். மேசை ஃபேன் முகத்துக்கு நேரே வீசாமல் திருப்பி வையுங்கள்.

ஆனால் எரிச்சல் என்ற ஒரே புகாரோடு வேறு பல நோய்களும் வரும். வறட்சி என்று நாமே முடிவுகட்டுவதற்கு முன் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். முதன்மையான தொந்தரவு எரிச்சலா, அரிப்பா? கண்ணைக் கசக்கினால் சுகமாக இருக்கிறது, இன்னும் கசக்கத் தோன்றுகிறது என்றால் அது பெரும்பாலும் ஒவ்வாமை. காலையில் எழும்போதுதான் அதிகம், இமைகள் ஒட்டியிருக்கின்றன, இமை மயிரின் அடியில் பொடுகு மாதிரி படிந்திருக்கிறது என்றால் இமை விளிம்பில் அழற்சி. இது வறட்சியோடு கைகோத்தும் வரும். இமை சுத்தமாக இருந்தும் காலையில்தான் எரிகிறது என்றால், தூங்கும்போது கண் லேசாகத் திறந்திருக்கிறதா என்று வீட்டில் உள்ளவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படித் தூங்குகிறவர்கள் ஃபேனுக்கு நேர் கீழே படுத்தால் விடியும்போது கருவிழி காய்ந்திருக்கும்.

காற்று இல்லாத இடத்திலும் ஒரு கண்ணில் மட்டும் நாள் முழுக்க நீர் நிற்கிறதா? மூக்கோரம் கண்ணின் உள்மூலையை விரலால் அழுத்தினால் சளி போல ஏதாவது மேலே வருகிறதா? அப்படியென்றால் கண்ணீர் மூக்குக்குள் இறங்கும் பாதை அடைபட்டிருக்கிறது. அதற்கு எத்தனை பாட்டில் சொட்டு மருந்து விட்டாலும் பயனில்லை, அறுவை சிகிச்சைதான் தீர்வு. கண் சிவந்து, பீளை தள்ளி, இரண்டு நாளில் வீட்டில் இன்னொருவருக்கும் வந்துவிட்டால் அது மெட்ராஸ் ஐ. வெள்ளை விழியில் மூக்குப் பக்கமிருந்து முக்கோணமாகச் சதை ஏறி வருவது வெயிலிலும் புழுதியிலும் வேலை செய்கிறவர்களுக்கு நம் பக்கம் சாதாரணம். அதன் மேடு பள்ளத்தில் ஈரம் சரியாகப் பரவாததால் உறுத்தும்.

இன்னும் இரண்டு கேள்வி உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். வாயும் வறள்கிறதா, தண்ணீர் குடிக்காமல் உலர்ந்த தின்பண்டத்தை விழுங்க முடியவில்லையா, விரல் மூட்டுகள் காலையில் வலித்து விறைக்கின்றனவா? இருந்தால் கண்ணோடு நிற்கிற விஷயம் இல்லை. உடலின் எதிர்ப்பு சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் நோய் ஒன்று இருக்கிறது. சுவீடன் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன் 1933-இல் அதை விரிவாக எழுதினார், அவர் பெயரிலேயே அழைக்கிறோம். நடுவயதுப் பெண்களுக்குத்தான் அதிகம் வரும். மூட்டு நோய் மருத்துவரையும் பார்க்க வேண்டியிருக்கும். அடுத்தது, மாத்திரைகள். சளிக்கும் அரிப்புக்கும் போடும் தூக்கம் வரவைக்கிற மாத்திரைகள், மனச்சோர்வு மாத்திரைகள், முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினோயின் ஆகியவை கண்ணை வறளச் செய்யும். அவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொன்னால் போதும்.

பரிசோதனை எளிது. 5 மில்லிமீட்டர் அகலமுள்ள வடிதாள் துண்டைக் கீழ் இமையில் மாட்டி 5 நிமிடம் வைப்போம். ஓட்டோ ஷிர்மர் 1903-இல் கொண்டுவந்த முறை இது. 10 மில்லிமீட்டருக்குக் குறைவாக நனைந்தால் சந்தேகம், 5-க்கும் குறைந்தால் நீர்ச் சுரப்பே குறைவு. உங்களைப் போன்றவர்களுக்கு இது சரியாக நனைந்துவிடவும் கூடும், ஏனென்றால் குறை எண்ணெயில் இருக்கலாம். அதனால் கண்ணில் மஞ்சள் சாயம் தொட்டு வைத்து, நீல ஒளியில், இமைக்காமல் இருக்கும்போது ஈரப் படலம் எத்தனை விநாடியில் உடைகிறது என்றும் பார்ப்போம். 10 விநாடிக்குள் உடைந்தால் நிலையில்லாத படலம். எந்தப் பரிசோதனையும் இல்லாமல் கடையில் முடிவு செய்வதை நான் ஏற்க மாட்டேன்.

வறட்சிதான் என்று உறுதியானால், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியை மூடிய இமைமேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வையுங்கள். பொறுக்கும் சூடு போதும். பிறகு இமை விளிம்பை மெதுவாக நீவிவிடுங்கள். தினமும் செய்ய வேண்டும், பலன் தெரிய வாரங்கள் ஆகும். கடையில் கொடுத்த பாட்டிலின் மேல் கார்பாக்சிமெத்தில்செல்லுலோஸ் என்று இருந்தால் அது செயற்கைக் கண்ணீர், பயமில்லை. நாளைக்கு நாலு தடவைக்கு மேல் விட வேண்டியிருந்தால் கெடாமல் வைக்கும் ரசாயனம் சேர்க்காத மருந்தைக் கேட்டு வாங்குங்கள். அந்த ரசாயனமே அடிக்கடி பட்டால் கண்ணை உறுத்தும். பாட்டிலில் டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று ஏதாவது ஸ்டீராய்டின் பெயர் எழுதியிருந்தால் இன்றே எடுத்துக்கொண்டு கண் மருத்துவரிடம் போங்கள். ஏன் என்பதை அடுத்த இரண்டு பதில்களில் சொல்கிறேன்.

கேள்வி: வத்திராயிருப்பு பக்கம் விவசாயம். வயது 46. நெல் அறுவடை நடக்கும்போது இடது கண்ணில் தூசி அடித்தது. மறுநாளிலிருந்து உறுத்தல், சிவப்பு, வெளிச்சம் பார்க்க முடியவில்லை. இன்றோடு நான்கு நாள். பார்வையும் கொஞ்சம் புகை மாதிரி இருக்கிறது. பக்கத்து வீட்டில் கண் வறட்சிக்கு வாங்கிய மருந்தைத்தான் விடுகிறேன். விளக்கெண்ணெயும் விட்டேன். எத்தனை நாளில் சரியாகும்?

பதில்: அண்ணாச்சி, இந்தக் கடிதம் கைக்கு வந்ததும், இதழ் அச்சாகும்வரை காத்திருக்கக் கூடாது என்று உங்களைத் தொலைபேசியில் அழைத்து உடனே கண் மருத்துவமனைக்குப் போகச் சொன்னோம். அன்றே போனீர்கள் என்று கேட்டு நிம்மதி. மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

ஒரு கண்ணில் மட்டும், அடிபட்ட பிறகு, வலியும் வெளிச்சக் கூச்சமும் பார்வை மங்கலும் சேர்ந்து வந்தால் அது கண் வறட்சி இல்லை. கருவிழியில் புண் விழுந்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். வறட்சியில் மங்கல் இமைத்தால் போகும். இதில் போகாது. கண்ணாடி முன் நின்று பாருங்கள், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் ஒரு மணி நேரத்தைக்கூட வீணாக்கக் கூடாது.

நெல்லின் சுணை, வைக்கோல் துணுக்கு, கரும்புத் தோகை, தென்னை ஓலை எல்லாம் கருவிழியின் மேல்தோலைக் கீறும். கீறல் சிறியதுதான். ஆனால் அவற்றின் மேல் பூஞ்சை இருக்கும். மதுரை மாவட்டத்தில் 1993-ஆம் ஆண்டை வைத்துக் கணக்கெடுத்தபோது, ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்கு 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாகத் தெரிந்தது. அமெரிக்காவில் கணக்கிட்டதைப்போல் சுமார் பத்து மடங்கு. 1994-இன் முதல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்ததில், 284 பேருக்கு அதற்கு முன் கண்ணில் காயம் பட்டிருந்தது, பெரும்பாலும் விவசாய வேலையில். கிருமி வளர்ந்த மாதிரிகளில் ஏறக்குறைய பாதி பூஞ்சை. நம் மண்ணில், நம் தொழிலில் கண்ணுக்கு இருக்கும் ஆபத்து என்னவென்று இந்தக் கணக்கு சொல்லிவிடுகிறது.

பூஞ்சைப் புண்ணுக்கு மருந்து வேறு. அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் நேட்டாமைசின், வோரிகொனசோல் என்ற இரண்டு பூஞ்சை மருந்துகளை ஒப்பிட்டுப் பார்த்து, 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். விலை கூடிய, புதிய வோரிகொனசோலைவிடப் பழைய நேட்டாமைசின்தான் நன்றாக வேலை செய்தது. இன்று உலகம் முழுக்கக் கண் மருத்துவர்கள் அந்த முடிவைப் பின்பற்றுகிறார்கள், அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் நம் பக்கத்து நோயாளிகள். ஆனால் இந்த மருந்தைத் தொடங்குவதற்கு முன் புண்ணைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். கடையில் கண்ணைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை அந்தப் புண்ணில் விட்டால் சிவப்பு குறையும், வலி குறையும், பூஞ்சை மட்டும் உள்ளே செழித்து வளரும். அப்படி வந்தவர்களில் சிலருக்குக் கண்ணைக் காப்பாற்ற முடியாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சீக்கிரம் போனால் எவ்வளவு பலன் என்பதற்கு நேபாளத்தின் பக்தபூர் ஆய்வு சான்று. கிராமங்களில் கருவிழியில் கீறல் பட்டவர்களுக்கு அங்கேயே மூன்று நாள் நுண்ணுயிர்க்கொல்லிக் களிம்பு போட்டார்கள். 18 மணி நேரத்துக்குள் தொடங்கியவர்களில் ஒருவருக்கும் புண் வரவில்லை. 2001-இல் வெளியான முடிவு இது. கண்ணில் சுணை அடித்த அன்றே போக வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைகளில் முதலில் காட்டுங்கள். புண் என்றால் மதுரைக்கு அனுப்புவார்கள், தயங்காமல் போங்கள். அறுவடை இயந்திரத்துக்குப் பின்னால் நிற்கிறவர்களும், தூற்றுகிறவர்களும், தென்னை மரத்தில் ஓலை கழிக்கிறவர்களும் பக்கவாட்டில் மூடிய பிளாஸ்டிக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். பெரிய செலவில்லை.

எருக்கம் பாலைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேலி வெட்டும்போதோ பூப் பறிக்கும்போதோ அது கண்ணில் தெறித்தால் சில சமயம் வலியே இருக்காது, பார்வை மட்டும் மங்கும். வலிக்கவில்லையே என்று விட்டுவிடுவார்கள். கள்ளிப் பால் என்றால் தாங்க முடியாத எரிச்சல் வரும். சுண்ணாம்பு எல்லாவற்றையும்விட மோசம். இவற்றில் எது பட்டாலும் முதல் வேலை, இருந்த இடத்திலேயே சுத்தமான தண்ணீரால் குறைந்தது கால் மணி நேரம், முடிந்தால் அரை மணி நேரம் கண்ணைத் திறந்து பிடித்துக் கழுவுவது. வண்டி தேடுவது அதற்குப் பிறகு. சுண்ணாம்பு கட்டியாக இமைக்குள் ஒட்டியிருந்தால் அதையும் ஈரத் துணியால் எடுத்துவிட வேண்டும்.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. ராஜபாளையம். இரண்டு வருடமாக, கோடை ஆரம்பித்தால் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கிறான். வெள்ளை விழி பழுப்பாகிவிட்டது. காலையில் நூல் மாதிரி பீளை வருகிறது. ஒரு சொட்டு மருந்து போட்டால் மறுநாளே சரியாகிவிடும், விட்டால் மறுபடி வரும். அதே சீட்டைக் காட்டி வாங்கி வாங்கிப் போடுகிறோம். செல்போன் பார்ப்பதால் வந்த வறட்சி என்கிறார் அவன் அப்பா.

பதில்: வறட்சி இருக்கும் பிள்ளை கண்ணை அடிக்கடி இறுக்கி மூடித் திறப்பான். அரிப்பு இருக்கும் பிள்ளைதான் கசக்குவான். நீங்கள் எழுதியிருப்பது கோடையில் கூடும் ஒவ்வாமை. ஐந்து வயதிலிருந்து பதினைந்து வயதுக்குள், பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கு அதிகம் வரும். வளர்ந்த பிறகு பெரும்பாலும் தானே அடங்கிவிடும். அதுவரை கண்ணைக் கெடுக்காமல் கொண்டுபோவதுதான் நம் வேலை.

எனக்குக் கவலை தருவது, "மறுநாளே சரியாகிவிடும்" என்று நீங்கள் எழுதியிருக்கும் அந்த மருந்து. அவ்வளவு வேகமாக அடக்குவது அநேகமாக ஸ்டீராய்டு. கண் மருத்துவர் கண்காணிப்பில் சில வாரங்களுக்கு அது நல்ல மருந்து, நானும் எழுதுகிறேன். பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் போட்டால் சில பிள்ளைகளுக்குக் கண்ணின் உள் அழுத்தம் ஏறும். வலி இருக்காது. பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். போன பார்வை திரும்பாது. கண்புரையும் வரலாம். இந்த மருந்துகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்பதுதான் சட்டம். கடைக்காரர் கொடுத்தாலும் நீங்கள் வாங்காதீர்கள்.

இந்த வாரமே போய்க் கண் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். கசக்குவதையும் நிறுத்தியாக வேண்டும். தொடர்ந்து கசக்கினால் கருவிழி மெலிந்து கூம்பாகப் பிதுங்கும், பிறகு கண்ணாடி போட்டாலும் பார்வை தெளியாது. குளிர்ந்த நீரில் நனைத்த துணியை மூடிய கண்மேல் வைத்தால் அரிப்பு அடங்கும். வெயிலில் விளையாடப் போனால் தொப்பி போடட்டும். ஸ்டீராய்டு இல்லாத ஒவ்வாமைச் சொட்டு மருந்துகள் இருக்கின்றன. மெதுவாகத்தான் வேலை செய்யும், கோடை முழுக்கப் போட வேண்டும், பொறுமை வேண்டும். செல்போனைக் குறைப்பது நல்லதுதான், அப்பாவிடம் சொல்லுங்கள். ஆனால் இந்த நோய் அதனால் வரவில்லை.

கேள்வி: நூற்பாலையில் வேலை, வயது 34. ஷிப்ட் முடியும்போது கண் சிவந்து நறநறவென்று இருக்கும். விடுமுறை நாளில் சரியாகிவிடும். எனக்கும் வறட்சியா?

பதில்: விடுமுறையில் குறைகிறது என்பதே பதில், தம்பி. நூல் அறாமல் இருக்க ஆலைக்குள் ஈரப்பதத்தைக் கூட்டித்தான் வைப்பார்கள். ஆகவே ஏசி அறைக் காற்றுபோல அது கண்ணைக் காய வைப்பதில்லை. உங்கள் கண்ணை உறுத்துவது பெரும்பாலும் பஞ்சுத் தூசி. கசக்கினால் இமைக்கு உள்புறம் ஒட்டிய இழை கருவிழியைத் தேய்க்கும், ஆகவே கசக்காதீர்கள். சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள், கண்ணைச் சுற்றி மூடும் கண்ணாடி போடுங்கள். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன். விடுமுறையிலும் குறையாமல் போனாலோ, ஒரு கண்ணில் மட்டும் தங்கிவிட்டாலோ இமையைப் புரட்டிப் பார்க்க வேண்டும், வந்து காட்டுங்கள்.

கேள்வி: ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்கிறேன். வறட்சி என்று டாக்டர் உறுதி செய்துவிட்டார். மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிட்டால் குணமாகுமா?

பதில்: அமெரிக்காவில் 535 பேரிடம் ஓராண்டு சோதித்தார்கள். ஒரு சாராருக்கு நாளுக்கு 3 கிராம் ஒமேகா-3, மறு சாராருக்கு ஆலிவ் எண்ணெய் மாத்திரை. இரண்டு சாராருக்கும் தொந்தரவு ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தது. 2018-இல் வெளியான முடிவு. அந்தக் காசுக்கு மீனே வாங்கிச் சாப்பிடலாம். கணினித் திரையைக் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இறக்கி வையுங்கள். பார்வை தாழ்ந்தால் கண் குறைவாகத் திறந்திருக்கும், ஈரம் தங்கும். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை தூரத்தில் பார்த்து இமையுங்கள்.

கேள்வி: எங்கள் பாட்டி கண் எரிச்சலுக்குத் தாய்ப்பால் விடச் சொல்கிறார். நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றச் சொல்கிறார். கண்ணில் தூசி விழுந்தால் நாக்கால் எடுக்கிற அம்மா ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார். இவை தப்பா? கடை மருந்துதான் பத்திரமா?

பதில்: பாட்டியின் அக்கறையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நல்ல கண்ணின் மேல்தோல் பூஞ்சையையும் கிருமியையும் உள்ளே விடாது, கீறல் பட்ட கண் விட்டுவிடும். கண் எரியும்போது உள்ளே கீறல் இருக்கிறதா என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்த நிலையில் பால், பூ, இலைச்சாறு, எண்ணெய் எதுவும் வேண்டாம். நாக்கால் எடுப்பது கண்டிப்பாகக் கூடாது, வாயில் இருக்கும் கிருமிகள் நேரே காயத்தில் இறங்கும். மூடிய இமைமேல் ஈரத் துணியோ பூவோ வைத்துக் குளிர்ச்சி பெறுவதோடு நின்றால் ஆட்சேபம் இல்லை.

கடை மருந்தாகவே இருந்தாலும் கிருமி புகுந்தால் ஆபத்துதான். சென்னைக்கு அருகே தயாராகி அமெரிக்காவில் விற்ற செயற்கைக் கண்ணீர் மருந்தை 2023 பிப்ரவரியில் திரும்பப் பெற்றார்கள். அதோடு தொடர்புள்ள சூடோமோனாஸ் தொற்று அங்கே 18 மாநிலங்களில் 81 பேருக்கு வந்தது. 14 பேருக்குப் பார்வை போனது, நால்வர் இறந்தார்கள். வீட்டில் நாம் செய்யக்கூடியது இவ்வளவு: பாட்டில் முனை இமையிலோ விரலிலோ படக்கூடாது. திறந்த பாட்டிலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது. ஒருவர் மருந்தை இன்னொருவர் விடக் கூடாது. கண்ணை வெளுப்பாக்கும் என்று விற்கும் சொட்டு மருந்துகளையும் தொடாதீர்கள். அவை ரத்தக் குழாயைச் சுருக்கும், நிறுத்தினால் முன்பைவிட அதிகமாகச் சிவக்கும்.

கண் டாக்டரைப் பார்க்கப் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லாச் சொட்டு மருந்துகளையும், நாள்தோறும் விழுங்கும் மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள். பக்கத்து வீட்டில் வாங்கி விட்டதையும், எண்ணெய் விட்டதையும் மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் உங்களைக் கோபிக்க மாட்டார்கள்.